பல செயின்களில் விலை ஆரக்கிள்: செயின்லிங்க், பித் இரண்டையும் நெடுநாள் ஓட்டியதில் தெரிந்தவை

சந்தை விலையைப் பிளாக்செயினுக்குள் கொண்டுவரும் சேவைதான் விலை ஆரக்கிள். செயின்லிங்க், பித் அப்படிப்பட்ட இரண்டு. எத்தீரியத்தில் ஓடும் கடன் கான்ட்ராக்ட்டை (செயினில் ஓடும் நிரலை) ஆர்பிட்ரம், பேஸ், பிஎன்பி செயின் என்று வேறு செயின்களுக்குக் கொண்டுபோகும்போது, விலைப் பகுதியில் மாற்ற வேண்டியது பெரும்பாலும் ஃபீட் (ஒரு ஜோடியின் விலையைத் தரும் கான்ட்ராக்ட்) முகவரி மட்டும்தான். செயின்லிங்க்கின் இடைமுகம் எல்லா இடத்திலும் ஒன்றே. வம்பும் அங்கேதான். கோடு சிக்கலில்லாமல் கம்பைல் ஆகிவிடும். அதில் எழுதி வைத்த எண்கள் புது செயினுக்குப் பொருந்துமா என்று யாரும் எச்சரிக்க மாட்டார்கள்.

முதல் அடி ஹார்ட்பீட்டில் விழும். விலை குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால் ஃபீட் புதுப்பிக்கப்படும். நகராவிட்டாலும் ஹார்ட்பீட் நேரம் முடிந்ததும் புதுப்பிக்கப்படும். எத்தீரியத்தில் ஈதர்/டாலர் ஃபீடுக்கு 0.5 சதவீதம், 3,600 விநாடி. அதே எத்தீரியத்தில் யூஎஸ்டிசி (டாலர் மதிப்பைப் பின்தொடரும் டோக்கன்)/டாலருக்கு ஏறத்தாழ ஒரு நாள், அதாவது 86,400 விநாடி அளவு. பழைய விலை என்று தள்ளும் வரம்பை எல்லாவற்றுக்கும் 3,600 என்று வைத்தால், சந்தை அசையாத நாளில் யூஎஸ்டிசி விலை 'பழையது' என்று தள்ளப்பட்டு, அதை நம்பியிருக்கும் பரிவர்த்தனை எல்லாம் ரிவர்ட் (ரத்து) ஆகும். 86,400 என்று வைத்தால், ஈதர் ஃபீட் உறைந்துபோனாலும் நாள் முழுக்கப் பழைய விலையிலேயே கடன் போகும். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் சத்தமே வராது. ஃபீட் வாரியாக, செயின் வாரியாகத் தனி அட்டவணை வையுங்கள். ஹார்ட்பீட்டோடு பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். நெரிசலில் அப்டேட் பிளாக்கில் ஏறத் தாமதமாகும். கணக்கு விநாடியில் இருக்கட்டும், பிளாக் எண்ணில் வேண்டாம். ஆர்பிட்ரம் கான்ட்ராக்ட்டுக்குள் பிளாக் எண்ணைக் கேட்டால் கிடைப்பது ஏறத்தாழ எத்தீரியத்தின் எண்.

டெசிமல் (விலையின் தசம இடங்கள்) சின்ன விஷயம்: டாலர் ஜோடிகளுக்கு வழக்கமாக 8, ஈதர் ஜோடிகளுக்கு 18. விதிவிலக்கு உண்டு, ஊகிக்காமல் ஃபீடிடமே கேளுங்கள்.

ஆர்பிட்ரம், பேஸ் போன்ற, எத்தீரியத்தின் மேல் ஓடும் இரண்டாம் அடுக்குச் செயின்களில் சீக்வென்சர் (பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்தும் சர்வர்) நின்றால் விலையும் நிற்கும். அது மீண்டு வந்த நொடியே புது விலை ஏறும். அடமானம் கூட்ட வழியில்லாமல் இருந்தவர்களை லிக்விடேஷன் போட்கள் (அடமானத்தை விற்றுக் கடனை மூடும் தானியங்கி நிரல்கள்) முந்திவிடும். இதற்கென்று செயின்லிங்க் தனி ஃபீட் தருகிறது: விடை 0 என்றால் ஓடுகிறது, 1 என்றால் நின்றிருக்கிறது. 0 ஆனதும் கதவைத் திறக்கக் கூடாது. நிலை மாறிய நேரத்திலிருந்து 3,600 விநாடி கழியட்டும். அதுவரை லிக்விடேஷனை நிறுத்துங்கள், கடன் அடைப்பதை நிறுத்தாதீர்கள். பலர் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறார்கள்.

விலைக்குக் கீழ் வரம்பு வைத்த ஃபீட் என்ன செய்யும் என்பதற்கு 2022 மே மாத லூனா டோக்கன் சரிவு போதும். பிஎன்பி செயினில் அந்த ஃபீட் 10 சென்ட் அருகிலேயே நின்றுவிட்டது. சந்தையில் லூனா அதற்கும் கீழே போய்க்கொண்டிருந்தது. வீனஸ் என்ற கடன் தளத்தில் அதை அடமானம் வைத்துக் கடன் எடுத்துப் போனார்கள். இழப்பு ஒரு கோடி டாலருக்கு மேல். அந்தக் கீழ் வரம்பு இன்று பெரும்பாலான ஃபீட்களில் நடைமுறையில் இல்லை என்றாலும், புது ஜோடி சேர்க்கும்போது பார்த்துவிடுவது நல்லது.

புது செயினில் நேரடி டாலர் ஜோடி கிடைக்காமல், டோக்கன்/ஈதரை ஈதர்/டாலரால் பெருக்குவது வழக்கம். அப்போது இரண்டு ஃபீடின் பிழையும் சேரும். இரண்டில் எது பழையதோ அதன் நேரத்தையே விலையின் நேரமாகக் கொள்ள வேண்டும். பிரிட்ஜ் (டோக்கனைச் செயினுக்குச் செயின் கொண்டுபோகும் பாலம்) வழியாக வந்த டோக்கனுக்கு மூல டோக்கனின் ஃபீடைப் போட்டால், பிரிட்ஜ் உடைந்த அன்றும் முழு மதிப்பையே காட்டும்.

பித் வேறு ஜாதி. விலை வழக்கமாகத் தானாகச் செயினில் ஏறாது. பரிவர்த்தனை அனுப்புகிறவரே கையொப்பமிட்ட விலையைக் கட்டணத்தோடு கூடவே ஏற்ற வேண்டும். விலை அடையாள எண் எல்லாச் செயினிலும் ஒன்று, அதனால் விரிவாக்கம் சுலபம். கட்டணம் மட்டும் செயினுக்குச் செயின் மாறும். எண்ணாக எழுதிவிடாமல் கான்ட்ராக்ட்டிடம் கேட்டு அனுப்புங்கள். விலையோடு வரும் நம்பக இடைவெளியை, அதாவது விலை எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்ற அளவை, பலர் படிப்பதே இல்லை. அது விலையில் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் புதுக் கடனை மறுத்துவிடலாம்.

பித்தில் நெடுநாள் ஓட்டினால்தான் தெரியும் ஓட்டை ஒன்று: 60 விநாடி வரை பழைய விலை செல்லும் என்று விட்டால், அந்த ஒரு நிமிடத்து விலைகளில் தனக்கு லாபமானதைப் பயனர் பொறுக்கி எடுத்துவிடுவார். ஆர்டரை முதலில் பதிய வைத்து, பதிந்த நேரத்துக்குப் பிந்திய விலையில் மட்டும் நிறைவேற்றினால் இது அடைபடும். பெர்பெச்சுவல் (காலாவதி இல்லாத ஃபியூச்சர்ஸ்) வர்த்தகத்துக்கு இந்த ஏற்பாட்டோடு பித் நன்றாக ஓடுகிறது. கடன் சந்தைக்கு, யாரும் தொடாத நேரத்திலும் செயினில் விலை இருக்க வேண்டும் என்பதால், செயின்லிங்க்கையே வைத்துக்கொள்ளலாம்.