பெரிய பல்கலையின் பெஞ்சா, சின்னக் கல்லூரியின் கோர்ட்டா?

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்ச் மாதம், எங்கள் பெரியவனுக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. ஒன்று, 30,000 பேர் படிக்கும் அரசுப் பல்கலைக்கழகம். அதன் கூடைப்பந்து அணி, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் டிவிஷனில் ஆடுகிறது. மூன்று டிவிஷனில் அதுதான் மேல்மட்டம். அங்கே அவனுக்குச் சொன்னது ‘வாக்-ஆன்’ இடம்: அணியில் பெயர் இருக்கும், சீருடை தருவார்கள், ஸ்காலர்ஷிப் கிடையாது. இன்னொன்று, 2,000 பேர்கூட இல்லாத சின்னக் கல்லூரி. மூன்றாம் டிவிஷன். வீட்டிலிருந்து காரில் மூன்று மணி நேரம்.

பையன் 6 அடி 2 அங்குலம். தூரத்திலிருந்து நன்றாகப் போடுவான், கால் வேகம் சுமார்தான். சின்னக் கல்லூரியை எடுத்தோம். இப்போது மூன்றாம் ஆண்டு சீசன் முடிந்துவிட்டது. இங்கே இருக்கும் நம் நண்பர்கள் பலர் தங்கள் பிள்ளைகளுக்காக இதே கேள்வியோடு கூப்பிடுகிறார்கள். அவர்களிடம் ஃபோனில் சொல்வதைத்தான் எழுதுகிறேன். நான் சின்னக் கல்லூரிப் பக்கம் சாய்ந்தவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். பணம்: மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் தரக்கூடாது என்பது விதி. குடும்ப வருமானம், மதிப்பெண் பார்த்துத்தான் உதவி. வாக்-ஆனுக்கும் ஸ்காலர்ஷிப் இல்லை என்பதால், உள்மாநிலக் கட்டணம் உள்ள அரசுப் பல்கலைதான் எங்களுக்கு மலிவு. வசதி: பெரிய இடத்தில் தனி விமானம், சாப்பாட்டுக்கு நிபுணர், 10,000 பேர் உட்காரும் அரங்கம். சின்ன இடத்தில் பஸ், சாண்ட்விச், இழுத்து விரிக்கிற மரப்படிகள். படிப்பு இரண்டிலும் நல்ல படிப்பே. இவற்றை வைத்து மட்டும் முடிவு செய்திருந்தால் பையன் இன்று அரசுப் பல்கலையில் இருந்திருப்பான்.

எங்கள் முடிவை மாற்றியது ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் கல்லூரிகள் ஸ்கோர் பட்டியல் போடுகின்றன. யார் எத்தனை புள்ளி, எத்தனை ரீபவுண்ட் என்று. அதில் நிமிடங்களுக்கு ஒரு பத்தி உண்டு. ஒரு சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து, இரண்டு அணிகளுக்கும் முந்தைய சீசன் முழுவதையும் எடுத்து, முதலாண்டுப் பையன்கள் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்று எழுதினேன். சின்னக் கல்லூரியில் நவம்பரில் 4, 6, 5 என்று தொடங்கிய ஒரு பையன் பிப்ரவரியில் 18, 22 என்று வந்திருந்தான். அரசுப் பல்கலையின் வாக்-ஆன்களுக்கு நேரே 1, 1, 2. பெரும்பாலான ஆட்டங்களில் பெயரே இல்லை. அந்த 1 நிமிடமும், அணி 30 புள்ளி முன்னால் இருக்கும்போது கடைசியில் கிடைத்தது. விடிகாலை ஒரு மணிக்கு நோட்டை மூடியபோது எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். ஐந்து பேர் ஆடினால் மொத்தம் 200 நிமிடம். முதல் டிவிஷன் கோச்சின் வேலையே வெற்றியில் தொங்குகிறது, அதனால் அந்த 200-ஐ எட்டு ஒன்பது பேருக்குள் பங்கிட்டுவிடுவார். மற்றவர்கள் பயிற்சியில் அடுத்த எதிரணி மாதிரி ஆடிக் காட்டுவார்கள். நாங்கள் பார்க்கப் போன அன்று, சாம்பல் நிற பனியன் போட்ட நான்கு பையன்கள் இரண்டு மணி நேரம் வேறொரு அணியின் ஆட்டத்தை நடித்துக்கொண்டிருந்தார்கள். உழைப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர்கள் தங்கள் சொந்த ஆட்டத்தை எங்கே ஆடுவார்கள் என்ற கேள்வி எனக்குள் தங்கிவிட்டது.

பயிற்சி எவ்வளவு செய்தாலும், ஸ்கோர் சமமாக இருக்கும்போது, கால் கனக்கும்போது, எதிராளி முகத்துக்கு நேரே கை நீட்டும்போது பந்தைப் போடுவது வேறு விஷயம். அது ஆட்டத்தில் மட்டும்தான் வரும். பெரியவனின் முதல் சீசனில் ஒரு ஜனவரி ஆட்டம் நினைவிருக்கிறது. ஏழு நிமிடம் இருக்கும்போது உள்ளே விட்டார்கள். முதல் இரண்டு வீச்சும் வளையத்தின் முன்பக்கம் பட்டுத் திரும்பின. நான் மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தேன், கோச் பேசுவது அங்கே தெளிவாகக் கேட்கும். “கால், கால்” என்று மட்டும் சொன்னார், வெளியே எடுக்கவில்லை. அடுத்ததைக் கொஞ்சம் அதிகமாக முழங்காலை மடக்கிப் போட்டான், உள்ளே போனது. தவறுவதற்கு இடம் கொடுத்த அந்த ஏழு நிமிடத்துக்காகத்தான் நாங்கள் கூடுதல் கட்டணம் கட்டுகிறோம் என்று அன்று வீடு திரும்பும்போது மனைவி சொன்னாள்.

சரி, அங்கிருந்து தொழில்முறை ஆட்டத்துக்கு, அதாவது அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்பிஏவுக்கு, யாராவது போகிறார்களா? இதில் நான் வாக்குறுதி தரமாட்டேன். போனவர்கள் உண்டு, எண்ணிக்கை குறைவு.

டங்கன் ராபின்சனை எல்லோரும் சொல்வார்கள், சொல்ல வேண்டியவர்தான். மாசசூசெட்ஸில் வில்லியம்ஸ் கல்லூரி, மூன்றாம் டிவிஷன். 2013-14இல் முதலாண்டிலேயே சராசரியாக 17 புள்ளிக்கு மேல் எடுத்தார். அணி தேசிய இறுதி ஆட்டம் வரை போய் விஸ்கான்சின்-வைட்வாட்டரிடம் 75-73 என்று தோற்றது. அந்தக் கோடையில் கோச் வேறு கல்லூரிக்குப் போய்விட, ராபின்சன் மிச்சிகனுக்கு மாறினார். ஒரு வருஷம் ஆடாமல் காத்திருந்து, 2018இல் அங்கேயும் தேசிய இறுதி ஆட்டம் பார்த்தார். என்பிஏ அணிகள் வருஷாவருஷம் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதை டிராஃப்ட் என்பார்கள். டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. மயாமி ஹீட்டில் சின்ன ஒப்பந்தத்தில் நுழைந்து, 2021இல் ஐந்து வருஷத்துக்கு 9 கோடி டாலர் ஒப்பந்தம் வாங்கினார்.

டெரிக் வைட்டின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். கொலராடோ ஸ்பிரிங்ஸில் இரண்டாம் டிவிஷன் அணியில் மூன்று சீசன் ஆடினார். கடைசி சீசனில் சராசரி 25 புள்ளிக்கு மேல். அப்புறம்தான் கொலராடோ பல்கலைக்கு மாறி ஒரே ஒரு சீசன் ஆடினார். 2017 டிராஃப்டில் 29ஆவது. 2024இல் பாஸ்டனோடு என்பிஏ பட்டம், அதே கோடையில் பாரிஸில் ஒலிம்பிக் தங்கம். 2023 இறுதித் தொடருக்குப் போன மயாமி அணியைப் பாருங்கள்: ராபின்சன், இரண்டாம் டிவிஷன் லூயிஸில் இரண்டு வருஷம் ஆடிவிட்டு டிபாலுக்கு மாறிய மேக்ஸ் ஸ்ட்ரூஸ், மேற்கு வர்ஜீனியாவின் வீலிங்கில் இரண்டாம் டிவிஷனிலேயே கல்லூரி முடித்த ஹேவுட் ஹைஸ்மித். மூவரையும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராபின்சன், வைட், ஸ்ட்ரூஸ் மூவரும் இடையில் முதல் டிவிஷனுக்கு ஏறியவர்கள். மூன்றாம் டிவிஷனிலிருந்து நேராக முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர் என்றால் மின்னியாபொலிஸ் ஆக்ஸ்பர்க் கல்லூரியின் டெவீன் ஜார்ஜ். 1999இல் லேக்கர்ஸ் 23ஆவதாக எடுத்தது, தொடர்ந்து மூன்று பட்டம் வென்றார். அந்த வழி இன்று மிகக் குறுகல். சின்னக் கல்லூரிகளிலிருந்து வந்து என்பிஏ நட்சத்திரங்களான ஸ்காட்டி பிப்பன், டென்னிஸ் ராட்மன், வில்லிஸ் ரீட் பெயர்களைச் சொல்லி யாராவது உங்களை உற்சாகப்படுத்தினால், காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். ரீட் லூயிசியானாவின் கிராம்பிளிங்கில் ஆடியது, தெற்கின் பெரிய பல்கலைகள் கறுப்பின மாணவர்களை அணியில் சேர்க்காத நாட்களில். பிப்பன் சென்ட்ரல் ஆர்கன்சாவில் சேர்ந்தபோது ஸ்காலர்ஷிப் வாங்கிய ஆட்டக்காரர்கூட இல்லை, அதற்குப் பிறகு அரையடி வளர்ந்தார். ஸ்டெஃப் கரியின் டேவிட்சன் சின்னக் கல்லூரிதான், ஆனால் முதல் டிவிஷன், ஸ்காலர்ஷிப் உண்டு. அது வேறு கணக்கு.

முன்பெல்லாம் வேறு கல்லூரிக்கு மாறினால் ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டும். 2021 முதல், முதல் தடவை மாறுபவர்களுக்கு அது இல்லை. அதனால் பெரிய கோச்சுகள் பள்ளி முடித்த 18 வயதுப் பையனைவிட, வேறு கல்லூரியில் இரண்டு வருஷம் ஆடி நிரூபித்தவனைத்தான் தேடுகிறார்கள். நிரூபிக்க வேண்டுமென்றால் கோர்ட்டில் நிற்க வேண்டும். மறுபடி அதே நிமிடக் கணக்குக்குத்தான் வருகிறோம். 2025-26 முதல், ஆட்டக்காரர்களோடு வருமானத்தைப் பங்கிடும் ஏற்பாட்டில் சேர்ந்த முதல் டிவிஷன் பல்கலைகள் ஆண்கள் கூடைப்பந்து அணியில் 15 பேருக்கு மேல் வைக்கக்கூடாது. 13 ஸ்காலர்ஷிப் போக எத்தனை வாக்-ஆன் வேண்டுமானாலும் வைத்திருந்த பழைய நாள் முடிந்தது. எங்களிடம் இடம் தருவதாகச் சொன்ன துணை கோச், தலைமை கோச் வேலை மாறியதும் ஃபோன் எடுப்பதையே நிறுத்திவிட்டார். பையன் அங்கே சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

பழைய மாணவர் பட்டியலைப் பார்க்கும்போது பலர் ஆட்டக்காரர்களோடு நிறுத்திவிடுகிறார்கள். அது தப்பு. சின்னக் கல்லூரிகளிலிருந்து என்பிஏவுக்குப் போனவர்களில் கோச்சும் மேலாளருமாகப் போனவர்கள் அவ்வளவு பேர் இருக்கிறார்கள். யூட்டா ஜாஸின் தலைமை கோச்சாக 2022இல் வந்த வில் ஹார்டி வில்லியம்ஸில் ஆடியவர். மினசோட்டாவின் கோச் கிறிஸ் ஃபின்ச் ஆடியது ஃபிராங்க்ளின் அண்ட் மார்ஷல் கல்லூரியில். நியூயார்க் அணியின் கோச்சாக இருந்த டாம் திபடோ சேலம் ஸ்டேட். பாஸ்டனின் 2024 அணியைக் கட்டிய பிராட் ஸ்டீவன்ஸ் இந்தியானாவின் டிபா பல்கலை. 2025இல் பட்டம் வென்ற ஓக்லஹோமா சிட்டியைக் கட்டிய சாம் பிரெஸ்டி எமர்சன். 2021இல் மில்வாக்கிக்குப் பட்டம் வாங்கித்தந்த மைக் பியூடன்ஹோல்சர் போமோனா. அதே போமோனா-பிட்சரில் 1979 முதல் கோச்சாக இருந்தவர் கிரெக் பாபவிச். முதல் சீசனில் வெற்றி 2, தோல்வி 22. பிறகு சான் அன்டோனியோவில் ஐந்து என்பிஏ பட்டம்.

இதற்குக் காரணம் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. சின்ன அணியில் கோச்சுக்கு உதவியாக ஒருவர், இருவர்தான். வீடியோ வெட்டுவது, எதிரணியைப் பற்றிக் குறிப்பு எழுதுவது, புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாவற்றிலும் ஆட்டக்காரர்கள் கை வைக்கிறார்கள். பெரிய இடத்தில் ஒவ்வொன்றுக்கும் சம்பளத்துக்கு ஆள் உண்டு, பையன் அதைப் பக்கத்தில் இருந்து பார்க்கக்கூட வாய்ப்பு குறைவு.

இரண்டாம் டிவிஷன் பற்றி அழுத்திப் பேச எனக்கு அனுபவம் போதாது. ஒரே ஒரு கல்லூரிக்குப் போய்ப் பார்த்தோம். ஸ்காலர்ஷிப்பைப் பிரித்துப் பகுதிப் பகுதியாகத் தருகிறார்கள், அது குடும்பத்துக்குப் பெரிய உதவி. ஆட்டம் மூன்றாம் டிவிஷனைவிட உடல்பலம் கூடியது. வைட், ஹைஸ்மித் இருவரையும் பார்த்தால், உயரமும் வேகமும் உள்ள பையனுக்கு அதுவே சரியான இடமாக இருக்கலாம். அப்படி ஓர் அழைப்பு வந்திருந்தால் நாங்களும் தடுமாறியிருப்போம்.

முதல் டிவிஷனில் முழு ஸ்காலர்ஷிப் கொடுத்தால் யோசிக்காமல் போங்கள். அந்த ஸ்காலர்ஷிப்பே கோச் உங்கள் பையனை ஆடவைக்க நினைக்கிறார் என்பதற்கு அடையாளம். பையனுக்கு அந்தப் பல்கலையின் பொறியியல் படிப்புதான் முக்கியம், ஆட்டம் இரண்டாவது என்றாலும் அங்கேயே போகலாம். வாக்-ஆன் இடம் மட்டும்தான் என்றால், கையெழுத்துக்கு முன்னால் கோச்சிடம் ஒரு கேள்வி: போன சீசனில் உங்கள் முதலாண்டு வாக்-ஆன்கள் மொத்தம் எத்தனை நிமிடம் ஆடினார்கள்? அவர் சொல்வதை ஸ்கோர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கள் பெரியவன் இந்த சீசனில் சராசரியாக 24 நிமிடம் ஆடினான். சொந்தக் கோர்ட்டில் ஆட்டம் முடிந்தால் பெற்றோர்கள் இரண்டு அணிக்கும் சேர்த்துச் சாப்பாடு வைப்பது அங்கே வழக்கம். மனைவியின் எலுமிச்சை சாதத் தட்டுதான் முதலில் காலியாகும். போன மாதம் தட்டை எடுத்துவைக்கும்போது பார்த்தேன், பெரியவன் சாப்பிடாமல் மூலையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து, அன்று எட்டே நிமிடம் ஆடிய முதலாண்டுப் பையன் ஒருவனுக்கு அவன் தவறவிட்ட வீச்சுகளை நிறுத்தி நிறுத்திக் காட்டிக்கொண்டிருந்தான்.