வயலில் மீன் பிடித்த மூன்று வருடம்

முதலில் தலைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேஜிக் தி கேதரிங் என்ற சீட்டாட்டத்தில் ‘ஈதர் வயல்’ என்று ஒரு கார்டு உண்டு. ஆங்கிலத்தில் அந்த ‘வயல்’ சின்ன மருந்துக் குப்பி. எங்கள் கூட்டத்தில் அது நெல் வயல்தான். ஒரு மனா (கார்டை இறக்கக் கொடுக்கும் விலை) கொடுத்து வயலைக் கீழே வைத்தால், உங்கள் ஒவ்வொரு டர்ன் தொடக்கத்திலும் விருப்பப்பட்டால் அதன்மேல் ஒரு கவுண்டர், அதாவது எண்ணிக்கை வில்லை, வைக்கலாம். எத்தனை கவுண்டர் இருக்கிறதோ, அதே விலையுள்ள ஒரு கிரீச்சரை (சண்டை போடும் உயிரினக் கார்டை) கையிலிருந்து சும்மா இறக்கலாம். எதிராளியின் டர்னில்கூட இறக்கலாம். அதனால் எதிரில் உட்கார்ந்திருப்பவன் “எத்தனை போகம்?” என்று கேட்டுக்கொண்டே இருப்பான்.

நான் ஆடுவது மெர்ஃபோக், பாதி மனிதன் பாதி மீனான கிரீச்சர்கள் நிறைந்த டெக் (சீட்டுக் கட்டு). எங்கள் பாஷையில் மீன் டெக். வீடு கடலூர். 2022-லிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி, கன்னியக்கோயில், அரியாங்குப்பம் தாண்டி, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு நண்பன் வீட்டு மொட்டை மாடிக்குப் போய் ஆடிவிட்டு வருகிறேன். எப்போதாவது சென்னையில் போட்டி நடந்தால் அங்கேயும். மாடர்ன் வகை ஆட்டம்: குறைந்தது 60 கார்டு, பக்கத்தில் 15 சைட்போர்டு (நடுவில் மாற்றிக்கொள்ளும் கார்டுகள்), அடிப்படை லேண்ட் (மனா தரும் நிலக் கார்டு) தவிர எந்தக் கார்டும் நாலுக்கு மேல் கூடாது.

ஆரம்பத்தில் என் டெக் பச்சை மனாவும் நீல மனாவும் கலந்தது. 2017, 2018-ல் வந்த இக்ஸலான் கார்டுத் தொகுப்புகளில் மீன்கள் அப்படித்தான் வந்தன. நான் முதலில் வாங்கியதும் அவைதான். குமெனா என்று ஒரு தலைவன். மூன்று மீன்களைச் சாய்த்தால் (கார்டைப் பக்கவாட்டில் திருப்பினால்) ஒரு கார்டு எடுக்கலாம், ஐந்தைச் சாய்த்தால் எல்லா மீனும் பலம் பெறும். மொட்டை மாடியில் நன்றாகவே ஜெயித்தான். சென்னையில் ஒரு தடவைகூட ஐந்து மீன் சேரும்வரை யாரும் என்னை உயிரோடு விட்டுவைக்கவில்லை. இதோடு இன்னொரு தலைவலி: மற்ற மீன்களுக்குப் பலம் தரும் லார்ட் ஆஃப் அட்லாண்டிஸுக்கும் மாஸ்டர் ஆஃப் தி பேர்ல் டிரைடென்டுக்கும் (இரண்டையுமே லார்ட் என்போம்) இரண்டு நீல மனா வேண்டும். கையில் ஒரு பச்சை லேண்ட் வந்துவிட்டால் இரண்டாவது டர்ன் அம்போ. ஆறு மாதம் மனசு வராமல் இழுத்தடித்துவிட்டு, பச்சையை முழுக்க எடுத்தேன்.

அதற்கப்புறமும் டெக் சரியாகவில்லை. பிடித்த மீனையெல்லாம் இரண்டிரண்டாகப் போட்டு வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கிய அடியில்தான் புத்தி வந்தது. என்னிடம் வயலில் இரண்டு கவுண்டர், இரண்டு லேண்ட். கையில் ஹார்பிஞ்சர் ஆஃப் தி டைட்ஸும் இரண்டு லார்டும். எல்லாமே இரண்டு விலை. டர்ன் தொடங்கியதும் கை தானாகப் போய் மூன்றாவது கவுண்டரை வைத்துவிட்டது. வைக்கலாம் என்றுதான் கார்டில் இருக்கிறது, வைத்தே ஆக வேண்டும் என்று இல்லை. அடுத்த டர்னில் எதிராளி முர்க்டைட் ரீஜென்டை என்மேல் ஏவினான். அடி எட்டு, உயிர் எட்டு, பறக்கும் டிராகன். வயல் இரண்டில் நின்றிருந்தால் ஹார்பிஞ்சரை இறக்கி, தாக்க வந்ததால் சாய்ந்து நிற்கும் அந்த டிராகனை அவன் கைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். மூன்றில் நின்றதால் எதையும் இறக்க முடியவில்லை. எனக்கு உயிர் ஆறுதான் மிச்சம். முடிந்தது. “மூணாம் போகம் போட்டு நிலத்தக் கெடுத்துட்டியே மச்சான்” என்றான்.

அன்று ராத்திரி பஸ்ஸிலேயே நோட்டை எடுத்து ஒவ்வொரு கார்டுக்கும் எதிரே ஒரே கேள்வி எழுதினேன்: வயல் இரண்டில் நின்றால் இது என்ன செய்யும்? சில்வர்கில் அடெப்டைக் கையிலிருந்து ஆட வேண்டுமானால் இன்னொரு மீனைக் காட்டணும், இல்லாவிட்டால் கூடுதலாக மூன்று மனா. வயல் வழியாக வந்தால் அந்தக் கணக்கே இல்லை, வந்ததும் ஒரு கார்டும் எடுத்துத் தரும். டைட் ஷேப்பர் நேர் எதிர். கூடுதல் மனா கொடுத்து ஆடினால்தான் எதிராளியின் லேண்டைத் தீவு வகை லேண்டாக்கும். வயல் வழியாக வந்தால் அந்த வேலை நடக்காது. ஸ்வியெலுன் அருமையான கடல் தெய்வம். கூட இரண்டு மீன் இருந்தால் அழிக்கவே முடியாது. ஆனால் விலை மூன்று. நாலு வைத்திருந்தேன், இரண்டாகக் குறைத்தேன். மனசு கேட்கவில்லை, ஆனால் அப்புறம்தான் முதல் கை சீராக வர ஆரம்பித்தது.

மீன் அல்லாத கார்டுகள் வயலை விட்டால் ஸ்ப்ரெடிங் சீஸ் மட்டும். எதிராளியின் ஒரு லேண்டைத் தீவாக்கி, நமக்கு ஒரு கார்டும் தரும். எதிராளியிடம் ஒரு தீவு இருந்தால் போதும், லார்ட் நிற்கும்வரை நம் மீன்களைத் தடுக்கவே முடியாது. இதில் ஒரு பொடி விஷயம்: மாஸ்டர் நம் மீன்களுக்கு மட்டும்தான் பலம் தருவான், லார்ட் ஆஃப் அட்லாண்டிஸ் மேசையில் உள்ள மற்ற எல்லா மீன்களுக்கும் தருவான். நண்பன் ஒருவன் என் டெக்கையே பார்த்துக் கட்டிக்கொண்டு வந்த அன்று, நான் இறக்கிய லார்டே அவன் மீன்களையும் ஊட்டி வளர்த்து என்னை முடித்தது.

2023 மோசமான வருடம். ஆர்கிஷ் போமாஸ்டர்ஸ் என்ற கார்டு வந்தது. எதிராளி அதை இறக்கிவிட்டால், என் டர்னில் வழக்கமாக எடுக்கும் முதல் கார்டைத் தவிர, நான் எடுக்கும் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு அம்பு, அதாவது ஒரு அடி. அடெப்ட் எடுத்தாலும் அம்பு, ஸ்ப்ரெடிங் சீஸ் எடுத்தாலும் அம்பு. அடெப்டின் உயிரும் ஒன்றுதான். இன்னொரு பக்கம் ஃபியூரி என்ற கார்டு நாலு அடியைப் பிரித்துப் போட்டு மேசையையே துடைத்துவிடும். அந்த டிசம்பரில் ஃபியூரியைத் தடை செய்த அன்று வீட்டில் ஏன் கேசரி என்று அம்மாவுக்குப் புரியவில்லை. அம்மாவுக்கு மொத்தத்தில் இந்த விவகாரமே பிடிக்காது. கேவர்ன் ஆஃப் சோல்ஸ் விலையைக் கேட்டுவிட்டு, “இந்தக் காசுக்கு முதுநகர்ல வஞ்சிரம் வாங்கினா ஒரு மாசம் சாப்பிடலாமேடா” என்றார். அது லேண்ட், மீன் இல்லை என்று விளக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். கரண்ட் இல்லை, நெட் இல்லை. எமர்ஜென்சி விளக்கில் தனியாக 50 கை கலைத்துப் போட்டுப் பார்த்தேன். எதிராளி இல்லாமல் ஆடுவதற்கு மேஜிக்காரர்கள் வைத்த பெயர் கோல்ட்ஃபிஷ், அதுவும் மீன்தான். முதல் ஏழு கார்டில் வயல் வந்தது 19 தடவை. 60-ல் நாலு வைத்தால் கணக்குப்படி 40 சதவீதம் வரணும், கிட்டத்தட்ட சரி. ஆனால் லேட்டாக வரும் வயல் எத்தனை எரிச்சல் என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது. ஏழாவது டர்னில் வந்த வயலைப் பார்த்து நாலு தடவை திட்டியிருக்கிறேன், நோட்டில் இருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று: ஃபாயில் (பளபளக்கும்) கார்டு வாங்காதீர்கள். ஐப்பசி ஈரத்துக்கு அப்பளம் மாதிரி வளையும். என் ஃபாயில் மாஸ்டர் பிளாஸ்டிக் ஸ்லீவுக்குள்ளேயே வளைந்து, அடுக்கில் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்தது. சென்னைப் போட்டியில் அடையாளம் தெரியும் கார்டு என்று ஜட்ஜ் மாற்றச் சொல்லிவிட்டார். நியாயம்தான். பக்கத்து மேசைக்காரர் சாதாக் கார்டு ஒன்றைக் கடன் கொடுத்துக் காப்பாற்றினார். ஆடிப் பழக ஜெராக்ஸ் போதும், எங்கள் மாடியில் பாதி டெக் ஜெராக்ஸ்தான். போட்டிக்கு அது செல்லாது.

இப்போது 20 லேண்ட். அதில் மியூட்டாவால்ட் என்ற லேண்ட் இரண்டே. அதுவும் மீனாக மாறி அடிக்கும்தான், ஆனால் நீல மனா தராது. இரண்டைத் தாண்டினால் லார்ட் கையிலேயே காய்கிறான். சைட்போர்டு இன்னும் மாதத்துக்கு ஒரு தடவை மாறுகிறது, அதைப் பற்றி எழுதினால் நாளைக்கே பழசாகிவிடும்.

அடுத்த போட்டிக்கு நாலு வயலில் ஒன்றை எடுத்துவிட்டு ஹார்பிஞ்சரைக் கூட்டலாமா என்று யோசனை. போன ஞாயிற்றுக்கிழமை மூன்று வயலோடு ஆடிப் பார்த்தேன். நண்பன் என் லிஸ்ட்டை வாங்கிப் பார்த்தான்.

“ஏன்டா, கால் பங்கு நிலத்த வித்துட்டியா?”