பீட்டாவா, ஐகன்டிரஸ்டா? 61 நாள் தீர்த்து வைத்த கேள்வி

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து, கரையில் நடக்கும் இறால் வியாபாரத்தைக் கணினிக்குள் ஓட்டிப் பார்த்தேன். 20 விசைப்படகு, 5 வியாபாரி, எல்லோருமே மென்பொருள் ஏஜென்ட்கள். நம் கரையில் ஏஜென்ட் என்றால் கமிஷன்காரர். இங்கே தானாக முடிவெடுக்கும் நிரல். எந்த வியாபாரிக்கு இறால் போடலாம் என்று படகு முடிவெடுக்க, அவரை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஓர் எண் வேண்டும். நம்பிக்கையைக் கணக்காக எழுதலாம் என்று 1994-இல் ஸ்டீபன் மார்ஷ் தன் முனைவர் பட்ட ஆய்வில் காட்டிய பிறகு எத்தனையோ முறைகள் வந்துவிட்டன. நான் அவற்றில் பீட்டா, ஐகன்டிரஸ்ட் என்ற இரண்டை ஓட்டிப் பார்த்துவிட்டு பீட்டாவை வைத்துக்கொண்டேன்.

பீட்டா முறை 2002-இல் ஆடுன் யோசாங்கும் ரோஸ்லான் இஸ்மாயிலும் தந்தது. நல்ல அனுபவங்களின் எண்ணிக்கையோடு 1 கூட்டு. அதை, மொத்த அனுபவங்களின் எண்ணிக்கையோடு 2 கூட்டி வருவதால் வகு. ஒன்றுமே தெரியாத ஆளுக்கு 0.5 வரும். ஐகன்டிரஸ்ட் 2003-இல் ஸ்டான்போர்டில் காம்வார், ஸ்லாசர், கார்சியா-மொலினா மூவரும் கோப்புப் பகிர்வு வலையமைப்புக்காகச் செய்தது. எல்லோருடைய மதிப்பீட்டையும் ஓர் அணியாக (எண்களின் கட்டமாக) அடுக்கி, நம்பகமானவரின் சொல்லுக்குக் கூடுதல் எடை கொடுத்து, எண்கள் நிலைக்கும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிடும். பீட்டா எளிது, மற்றது கனம். அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை.

ஐகன்டிரஸ்டில் எனக்கு ஒட்டாதவை மூன்று. கெட்டது நல்லதை மிஞ்சினால் மதிப்பு 0 ஆகிவிடும். புதிதாக வந்தவருக்கும் 0. எடையில் ஏமாற்றியவரும் நேற்றுக் கடை போட்டவரும் ஒன்றா? அடுத்து, எல்லா மதிப்பும் சேர்ந்து 1 ஆக வேண்டும். ஐந்து வியாபாரிகளும் மோசம் என்றாலும் அதில் ஒருவர் முதலிடத்தில் நிற்பார். அதோடு முன்பணம் வாங்கிய படகு அந்த வியாபாரியைப் பற்றி நல்லதுதான் சொல்லும், அந்தச் சொல்லும் கணக்கில் ஏறிவிடும்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது பழைய கணக்கைப் பராமரிக்கும் விஷயம். பீட்டாவில் மறதிக்கு ஒரு காரணி உண்டு. பழைய அனுபவம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய வேண்டும் என்பதற்காக, பழைய எண்ணிக்கையை நாளுக்கு ஒருமுறை 0.95-ஆல் பெருக்கும்படி வைத்தேன். விசைப்படகுகள் வாரத்துக்கு மூன்று நாள் வடகடலுக்குப் போய்வந்தவரை எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஏப்ரல் 15 வந்தது. மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை 61 நாள். ஒழுங்கான வியாபாரி ஒருவர் 7 நல்லது, 1 கெட்டதோடு 0.80-இல் இருந்தார், தடை முடிந்தபோது 0.56. எடை குறைப்பவர் 1 நல்லது, 7 கெட்டதோடு 0.20-இல் இருந்தார், அவர் 0.44-க்கு ஏறிவிட்டார். 0.40-க்குக் கீழே இருப்பவருக்கு இறால் போடாதே என்பது என் விதி. ஒரு கிலோ இறால்கூட வாங்காமல், சும்மா இருந்தே அவர் தேறிவிட்டார்.

அப்பாவிடம் சொன்னேன். விசைப்படகில் இருபது வருஷம் போனவர். "படகு கட்டிக் கெடந்தா எடைக்கல்லு திருந்திருமாப்பா?" என்றார்.

சரி என்று, தேய்மானத்தை நாள் கணக்கில் இருந்து கடலுக்குப் போய்வந்த நடைக் கணக்குக்கு மாற்றினேன். இப்போது 0.95 என்றால் கடைசி இருபது நடை அளவுக்கு நினைவிருக்கும்; படகு கட்டிக்கிடக்கும்போது எதுவும் அழியாது. மாற்றியது ஒரே வரி. நான் எழுதிய ஐகன்டிரஸ்டில் இதைச் செய்ய, ஒவ்வொரு படகின் பதிவையும் திருத்தி முழு அணியையும் மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் படகுகள் எல்லா வியாபாரியையும் நேரில் அறிந்தவை, அதனால் பீட்டாவில் அவற்றின் சொந்த அனுபவத்தை மட்டும் போட்டேன். தொண்டியில் இருந்து மூக்கையூர் வரை நூற்றுக்கணக்கான பேர், பாதிப் பேர் முன்பின் தெரியாதவர் என்றால், சொந்த அனுபவம் மட்டும் போதாது. அங்கே ஐகன்டிரஸ்ட் முந்தலாம்; அவ்வளவு பெரிதாக நான் ஓட்டிப் பார்க்கவில்லை. அல்லது, சாட்சி சொல்பவரின் பழைய சொல் எவ்வளவு சரியாக இருந்தது என்று பார்த்து எடை போடும் டிராவோஸ் முறை. 2006-இல் வந்தது, அடுத்து அதைத்தான் எழுதப்போகிறேன்.

திருத்திய கணக்கில் ஜூன் 15-ஐ மறுபடி ஓட்டினேன். எடை குறைப்பவர் 0.20-இலேயே நின்றார். அவரோடு பழகிய எந்தப் படகும் அன்று அவருக்கு இறால் போடவில்லை.