அடைமுட்டைக் கணக்கா, இறக்கிய குஞ்சுக் கணக்கா?

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகப் பாலக்காட்டுக்குக் கறிக்கோழி அனுப்பும் வியாபாரிகள், கோழி வரத்தை முன்கூட்டி அறிய, பொரிப்பகத்தில் அடைவைத்த முட்டைக் கணக்கை நம்புவதா, பண்ணையில் வளர்க்க இறக்கிய குஞ்சுக் கணக்கை நம்புவதா என்று தடுமாறுகிறார்கள்.

முன்னறிவு: முட்டை பொரிய 21 நாளும், குஞ்சு வளர ஏறத்தாழ 35 முதல் 42 நாளும் ஆவதால், பொரிப்பகத்தின் அடைமுட்டைக் கணக்கு எட்டு, ஒன்பது வாரத்துக்கு முன்பே வரத்தைக் காட்டிவிடும், குஞ்சுக் கணக்கு ஐந்தாறு வாரமே.

துல்லியம்: கருக்கூடாத முட்டையும் ஓட்டுக்குள் இறந்த குஞ்சும் முதல் கணக்கில் ஒளிந்திருக்கும். இரண்டாவதிலும் ஒரு சிக்கல் உண்டு: நூறு குஞ்சுக்கு இரண்டு கூடுதலாகப் பெட்டியில் வைப்பது வழக்கமாதலால், பதிவேட்டில் இருப்பது 100ஆ 102ஆ என்று கேட்டே தீரவேண்டும்.

செலவு: இரண்டுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

ஓணத்துக்குச் சரக்கு பேசுபவர் முட்டைக் கணக்கைப் பார்க்கலாம். லாரி அமர்த்துபவருக்குக் குஞ்சுக் கணக்கே பொருந்தும், அதுவும் முதல் வார இறப்பைக் கழித்த பிறகு.