ஐஸ் ஹாக்கி மட்டை: நடு வளைவா, நுனி வளைவா?

ஐஸ் ஹாக்கியில் பக்கை (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டு) தொடும் மட்டையின் அடிப்பகுதிதான் பிளேடு. பரவலாகக் கிடைக்கும் பிளேடு வளைவுகளில் பி88, பி28 என்ற இரண்டு வகைகளும் கிட்டத்தட்ட எதிரெதிர்த் துருவங்கள்.

பி88-இல் வளைவு பிளேடின் நடுவில் இருக்கும். முகம், அதாவது பக்கை அடிக்கும் பரப்பு, அதிகம் திறந்திருக்காது (மேல்நோக்கிச் சாய்ந்திருக்காது). பாஸ் கொடுக்க, வாங்க சுகமானது. பேக்ஹேண்டும் (பிளேடின் பின்பக்கத்தால் அடிப்பது) நம்பி அடிக்கலாம். ஷாட்டைத் தாழ்வாக வைத்திருப்பது எளிது. அதனால் டிஃபென்ஸ் ஆடுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பி28-இல் வளைவு நுனியில், முகம் நன்றாகத் திறந்திருக்கும். பக்கை உடலுக்கு அருகே இழுத்து, நுனியிலிருந்தே சட்டென்று ரிஸ்ட் ஷாட் (மணிக்கட்டால் வீசுவது), ஸ்னாப் ஷாட் (அதிகம் ஓங்காமல் வெடுக்கென்று அடிப்பது) அடிக்கலாம். கோலுக்கு மிக நெருக்கத்திலும் பக் மேலே எழும்பும். அந்த இடத்தில் இதன் அழகே தனி! ஆனால் பேக்ஹேண்ட் கஷ்டம். அடித்து முடிக்கும்போது மணிக்கட்டைத் திருப்பி முகத்தை மூடப் பழகாவிட்டால் பக் கோலுக்கு மேலே பறந்துவிடும்.

சரி, எதை எடுப்பது? பக்கை அதிகம் கையாண்டு, கோலருகே வேகமாகச் சுடும் ஃபார்வர்டு என்றால் பி28. புதிதாக ஆடுபவர்கள் தயங்காமல் பி88 எடுக்கலாம். இரண்டிலும் மனம் ஒட்டவில்லையா? இடைப்பட்ட பி92-ஐ ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள்.