பிளேட்டன்ட்டா, ஃபிளேக்ரன்ட்டா?

குன்னூரில் யூகலிப்டஸ் தைலம் வாங்கினேன். "சுத்தமான சரக்கு" என்று கண்ணிமைக்காமல் சொன்னார் கடைக்காரர். மாலைக்குள் மணம் போய்விட்டது. அந்தப் பச்சைப் பொய்க்கு ஆங்கிலத்தில் ‘பிளேட்டன்ட்’ கச்சிதம். 1596இல் வெளிவந்த காவியத்தில், அவதூறு பரப்பும் பல நாக்கு மிருகத்துக்குக் கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சர் சூட்டிய அடைமொழி அது. பிறகு ‘கூச்சலிடுகிற’ என்றும், வெகு காலம் கழித்து ‘வெட்கமற்ற, அப்பட்டமான’ என்றும் பொருள் விரிந்தது.

‘ஃபிளேக்ரன்ட்’ வேறு சாதி: ‘எரிதல்’ என்னும் லத்தீன் வினையில் பிறந்தது. வெளிப்படையோடு குற்றத்தின் கடுமையும் அதில் சேரும். நீலகிரியில் தடைசெய்த பிளாஸ்டிக்கைப் பட்டப்பகலில் சோலை ஓடையில் கொட்டுவது ஃபிளேக்ரன்ட். விதிமீறலுக்கு இரண்டு சொற்களும் வழங்குகின்றன. பொய்க்கு மட்டும் ஃபிளேக்ரன்ட் என்றால் என் காதில் உறுத்துகிறது.