பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்து சத்து என்று சர்க்கரையை விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

கோபி, பவானி, அந்தியூர் பக்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

போன மாதம் மூன்றாவது படிக்கிற என் மகன் ஒரு சீட்டோடு வீட்டுக்கு வந்தான். பள்ளியில் உயரம், எடை பார்த்தார்களாம், கரடி வேஷம் போட்ட ஒருவர் எல்லோருக்கும் ஸ்டிக்கர் கொடுத்தாராம். சீட்டில் "உயரம் குறைவு, தினமும் இரண்டு வேளை ஊட்டச்சத்து பானம் தேவை" என்று எழுதி, கீழே ஒரு பவுடரின் பெயர். பள்ளி வழியாக வந்ததால் டாக்டரே சொன்ன மாதிரி நம்பிவிட்டேன். 400 கிராம் டப்பா இரண்டு வாங்கினேன், 700 ரூபாய்க்கு மேல் ஆனது. பழக்கத்தில் டம்ளருக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை வேறு போட்டுக் கொடுத்தேன். பத்தே நாளில் ராகிக்களியும் கம்பஞ்சோறும் வேண்டாமென்று தட்டைத் தள்ள ஆரம்பித்தான்.

எங்களுக்குக் கவுந்தப்பாடி. பழனி பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச்சர்க்கரை போகிற ஊர். டப்பாவைத் திருப்பிப் படித்தது கரும்புக்காரரான என் மாமனார்தான். "ஏனம்மிணி, இதுல நூறு கிராமுக்கு முப்பத்தெட்டு கிராம் சர்க்கரைன்னு போட்டிருக்குதே" என்றார். அதற்கடுத்து மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள், அதுவும் உடம்பில் குளுக்கோஸாகத்தான் மாறும். டப்பாவில் உள்ள பொருள்களின் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி, அதையாவது நான் வாங்கும்போதே பார்த்திருக்கலாம். ஒரு டப்பாவுக்கு 152 கிராம் வருகிறது. அவ்வளவு சர்க்கரையை அவர் தராசில் நிறுத்துக் காட்டியபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அவர்கள் சொன்ன அளவில் கொடுத்தால் நாளுக்கு 19 கிராம், நான் போட்டதோடு 30-ஐ நெருங்கும். பெரியவர்களுக்கே 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். (நாட்டுச்சர்க்கரையும் இந்தக் கணக்கில்தான் வரும், எங்கள் வீட்டிலும் அதைக் குறைத்துவிட்டோம்.)

கொழுப்போ சர்க்கரையோ உப்போ மிகுந்த உணவைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளிடம் விளம்பரம் செய்யக் கூடாது என்று 2020-லேயே உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. "ஹெல்த் டிரிங்க்" என்ற வகையே சட்டத்தில் கிடையாது, அந்தத் தலைப்பின் கீழ் இப்படிப்பட்ட பானங்களை விற்காதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்கு 2024 ஏப்ரலில் மத்திய அரசே சொன்னது.

கடைக்காரர் பிரிக்காத டப்பாவைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை. பள்ளியில் கேட்டால் "இலவச முகாம்னு சொன்னாங்க, விட்டோம்" என்கிறார்கள். உயரம் குறைவு என்று யார் முடிவு செய்தது என்றேன், பதிலே இல்லை. சரி, நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு டப்பாவையும் சீட்டையும் கொண்டு போகிறேன். உங்கள் பிள்ளைக்கும் இதே மாதிரிச் சீட்டு வந்திருந்தால் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள்.